கோண பங்களாவை மல்லாந்து வரைந்தவர்

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பைத் தாண்டி வேளச்சேரி பக்கம் கொஞ்ச தூரம் போனால், சுவர் இல்லாமல் கதவுகள் மட்டும் வரிசையாக நிற்கிற ஒரு கொட்டகை வரும். பித்தளைக் குமிழ் வைத்த கதவு, கண்ணாடி உடைந்த கதவு, இன்னும் சாமி படம் ஒட்டியிருக்கிற கதவு. அதுதான் முஸ்தபாவின் கடை. பழைய கட்டடங்களை எடுத்து, இடித்து, அதில் தேறுகிற தேக்கையும் இரும்பையும் கருங்கல்லையும் விற்பது அவர் தொழில். இருபத்தாறு வருடமாக இதே தொழில். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அவருக்கு 'இடி பாய்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் "சொல்லுங்க" என்று திரும்புவார்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் ஒரு கட்டடத்தில் கடப்பாரை படும் முன்னால் அதைப் பென்சிலால் வரையாமல் விடமாட்டார். இந்தப் பழக்கம் ஆசையில் வந்ததல்ல, அடிபட்டு வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் பல்லாவரம் பக்கம் ஒரு மாடி வீட்டில் எந்த மரம் எதைத் தாங்குகிறது என்று பாராமல் ஓர் உத்திரத்தை உருவ, பாதி மாடி சரிந்து கூட வேலை செய்த சிட்டிபாபுவின் கால் முறிந்தது. அன்றிலிருந்து முதலில் படம், பிறகுதான் கடப்பாரை. கூரையில் உள்ள ஒவ்வொரு மரத்தையும் ஒரு கோடாகப் போட்டு, எதை முதலில் கழற்ற வேண்டுமோ அதற்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று எண் போடுவார். அதே எண்ணைக் காவிப் பெயிண்டில் மரத்தின் மேலும் எழுத வைப்பார். கால் சேர்ந்த பிறகு சிட்டிபாபுவே அவரிடம் மேஸ்திரி ஆகிவிட்டார். அதற்கப்புறம் ஒருவருக்கும் நகம் கூடப் பெயர்ந்ததில்லை.

வேலை முடிந்ததும் படம் குப்பைக்குப் போய்விடும். அப்படித்தான் எல்லாப் படமும் போயிற்று, கோண பங்களாவின் படம் தவிர.

கோண பங்களா நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றது. குதிரை வண்டிக் காலத்தில் பயணிகள் தங்குவதற்காகக் கட்டியது என்பார்கள். சாலை வளைகிற இடத்தில் கட்டியதால் பின்சுவர் சாய்வாக ஓடும். ஒரு பக்கச் சுவரைவிட மறுபக்கச் சுவர் மூன்றடி நீளம். அதனால்தான் அந்தப் பெயர். பின்னாளில் அது அரிசிக் கிடங்காகி, பிறகு டுட்டோரியல் காலேஜாகி, கடைசியில் பூட்டிக் கிடந்தது. சாலையை அகலப்படுத்த இடித்தாக வேண்டும் என்று வந்தபோது வேலை முஸ்தபாவுக்குக் கிடைத்தது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போக்குவரத்தைத் திருப்பிவிட அனுமதி. அன்று சாயங்காலத்துக்குள் கூரை தரைக்கு வந்துவிட வேண்டும்.

உள்ளே டுட்டோரியல்காரர்கள் அடித்திருந்த பலகைச் சீலிங், கூரையை முழுக்க மறைத்திருந்தது. மேலே சாதாரணச் சவுக்குக் கட்டைதான் இருக்கும் என்று முஸ்தபா நினைத்திருந்தார். ஞாயிறு காலை சிட்டிபாபு முதல் பலகையைப் பிடுங்கினார். நாற்பது வருடத் தூசி கொட்டியது. தூசி அடங்கியதும் சிட்டிபாபு மேலே பார்த்தார், வாயை மூடவில்லை.

"பாய்... இன்னா பாய் இது, தேர் கணக்கா கீது!"

அடுத்த பலகை, அடுத்த பலகை என்று எல்லாம் வந்து விழ, கூரை முழுதாகத் தெரிந்தது. ஐந்து பெரிய முக்கோணச் சட்டங்கள். அவற்றின் உச்சியை இணைத்து ஓடுகிற முகட்டு மரம். நான்கு மூலையிலிருந்தும் ஏறி வருகிற மூலைக் கைமரங்கள், அவற்றில் வந்து சாய்கிற சின்னக் கைமரங்கள். எல்லாம் கருத்துப்போன தேக்கு. முஸ்தபா டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். ஓர் இரும்பாணி கிடையாது. ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் நாக்கு, குறுக்கே ஒரு மர முளை. அவ்வளவுதான்.

வெளியே ஜே.சி.பி. உறுமியது. அதன் ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "பாய், ஆரம்பிச்சுக்கலாமா? ஒரு தள்ளு தள்ளினா போதும், மொத்தமா வந்துரும்" என்றார்.

"தொட்டே, அவ்ளோதான்! இருபது நிமிஷம் குடு. கையாலயே கழட்டுறேன்."

"இருபது நிமிஷம் இன்னா பண்ணுவே?"

"படம் போடணும்."

மூலையில் எழுதாத விடைத்தாள் கட்டுகள் கிடந்தன. முஸ்தபா ஒரு பெரிய தாளை உருவினார். காதில் சொருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்தார். நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் என்று, தலையைச் சாலைப் பக்கம் வைத்து வெறுந்தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். மார்புக்கு மேலே ஒரு பலகையைப் பிடித்து, அதில் தாளை வைத்து, கண்ணில் தூசி விழ விழ, மேலே பார்ப்பதும் கோடு போடுவதுமாக வரைந்தார். தாளின் தலைப்பில் 'ரோடு' என்று எழுதினார். சாய்ந்த பின்சுவரைச் சாய்வாகப் போட நேரமில்லை. நேர் செவ்வகமாகவே இழுத்துவிட்டார். "ஒண்ணு, அந்தக் கோடியில கீற சின்னது... ரெண்டு, அதுக்குப் பக்கத்துல..." என்று அவர் படுத்தபடி கத்த, சிட்டிபாபு குரங்கு மாதிரி மரத்துக்கு மரம் தாவிக் காவிப் பெயிண்டில் எண் எழுதினார். மொத்தம் முப்பத்திரண்டு மரங்கள். பத்தொன்பதாவது நிமிடத்தில் படம் முடிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் கூரை, ஒரு மரம் கூட உடையாமல் லாரியில் இருந்தது.

அடுத்த வாரம் செம்பாக்கத்திலிருந்து ரேணுகாம்பாள் என்ற ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை கடைக்கு வந்தார். அவர்கள் குடியிருப்பில் பொது மனை ஒன்று சும்மா கிடக்கிறது. அங்கே ஒரு படிப்பகம் கட்ட நலச்சங்கம் முடிவெடுத்திருந்தது. அதற்குச் சல்லிசாக ஒரு கதவு தேடித்தான் வந்தார். வந்தவர் கண் கதவில் நிற்கவில்லை.

"இந்தக் கட்டையிலெல்லாம் எதுக்கு நம்பர் போட்டிருக்கீங்க?"

முஸ்தபா படத்தைக் காட்டினார். பென்சில் அழிகிறது என்று அவர் மனைவி சபீஹா அதற்குள் அதைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். "எப்பவும் கிழிச்சுப் போடுவாரு டீச்சர். இதை மட்டும் தலைமாட்டுல வெச்சிக்கினு தூங்குறாரு. எங்க கல்யாண போட்டோவைக் கூட இப்படிப் பார்த்ததில்ல" என்றார் சபீஹா.

ரேணுகாம்பாள் எண்களின் மேல் விரலை ஓட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு கடைசியிலிருந்து திரும்பி வந்தார். முப்பத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பது.

"பாய், இது இடிக்கிற வரிசைதானே? அப்ப கடைசியிலேர்ந்து படிச்சா, கட்டுற வரிசை!"

இத்தனை வருடம் கையில் வைத்திருந்தது என்னவென்று முஸ்தபாவுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. மறுநாளே உற்சாகமாகச் செம்பாக்கம் போய் நலச்சங்கத்தில் பேசினார்.

"மரம் என்னுது. மேல ஏறி நின்னுடுச்சுன்னா உங்களுது. ஒரு பைசா வேணாம். இருபத்தாறு வருஷமா இறக்கிக்கினே கீறேன். ஒண்ணே ஒண்ணு ஏத்திப் பார்க்கணும்."

சங்கத்தில் எல்லோரும் கை தட்டவில்லை. பாதிப் பேர் தகர ஷீட் போதும் என்றார்கள். ரேணுகாம்பாள் விடவில்லை. அதே குடியிருப்பில் இருந்த குணா என்ற சிவில் இன்ஜினியர் பொறுப்பேற்றார். பழைய தரை தார் ரோட்டுக்கு அடியில் போகும் முன்பே ஓடிப்போய் டேப் பிடித்து, கோண பங்களாவின் சுவர்களை அங்குலம் பிசகாமல் அளந்தார். அதே அளவில், அதே கோணலோடு, செம்பாக்கத்தில் சுவர் எழும்பியது. கூரையை அளக்க முடியாது, அது இறங்கிவிட்டதே. அதற்கு முஸ்தபாவின் படம் ஒன்றுதான் ஆதாரம். குணா அதைப் போனில் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, பெரிய தாளில் அச்செடுத்துக்கொண்டார்.

கூரை ஏற்றும் நாள் ஐப்பசி முதல் வாரம். மழை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும். கிரேன் அன்று ஒரு நாள்தான், ஆறு மணி வரை. அன்று கூரை நிற்காவிட்டால் மறுநாள் காலை ஷீட்காரர்கள் வருவதாகச் சங்கம் சொல்லிவிட்டது. மழைக்கு முன்னால் கடை முற்றமும் காலியாக வேண்டும். அதனால் கூரை நிற்காவிட்டால் மரத்தை வெட்டுப் பலகைக்கு எடுத்துக்கொள்ள ஒரு சா மில்காரர் சம்மதித்திருந்தார். அவருடைய லாரி மூன்று மணிக்கே வந்து மனை ஓரத்தில் நின்றுவிட்டது. டிரைவர் லாசரஸ் வண்டியின் நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

காலையில் எல்லாம் ஜோராகத்தான் நடந்தது. முப்பத்திரண்டில் தொடங்கி ஐந்து முக்கோணச் சட்டங்களும் கிரேனில் ஏறி நின்றன. முகட்டு மரம் உட்கார்ந்தது. முன்பக்க மூலைக் கைமரங்கள் இரண்டும் உட்கார்ந்தன. ஒவ்வொன்று உட்காரும்போதும் முஸ்தபா கீழே நின்று "மாஷா அல்லா!" என்பார், சிட்டிபாபு மேலே இருந்து விசில் அடிப்பார். சாப்பாடு கொண்டுவந்த சபீஹா திரும்பிப் போகவே இல்லை.

"நீங்க இடிச்சதுக்கு ஊரே சாட்சி. கட்டுனதுக்கு நான் ஒருத்தியாச்சும் இருக்க வேணாமா?" என்று சொல்லி செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பின்பக்கம் வந்தது. இருபத்துநாலாம் எண் மூலைக் கைமரம் ஒரு சாண் குறைந்தது. இருபத்துமூன்று ஒரு சாண் மிஞ்சி சுவருக்கு வெளியே நாக்கை நீட்டியது.

"அவ்ளோதானே? ரெண்டையும் மாத்திப் போட்டா போச்சு" என்றார் சிட்டிபாபு.

மாற்றினார்கள். நீளம் சரியாக வந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆனால் அவற்றில் சாய வேண்டிய சின்னக் கைமரங்களைத் தூக்கினால், நாக்கு இருக்கிற இடத்தில் துளை இல்லை, துளை இருக்கிற இடத்தில் நாக்கு இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் கடிக்கவில்லை.

"பாய், இது வேற ஏதோ வூட்டு மரம் பாய். உன் கடையில கலந்துகினு வந்துருச்சு" என்று மேலேயிருந்து கத்தினார் சிட்டிபாபு.

"என் கடையில கலக்கும், என் நம்பர் கலக்காது. நீதானேடா எழுதினே!"

குணா அச்சுத் தாளை விரித்து வைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, சுவர் கரெக்ட், நானே செக் பண்ணியிருக்கேன். அப்ப டிராயிங்தான் ராங். அவசரத்துல ஏதோ மிஸ் ஆயிருக்கு."

"சார், நீங்க படிச்சவரு, நான் ஒத்துக்கிறேன். ஆனா எதைப் பார்த்தேனோ அதைத்தான் போட்டேன். அந்தக் கூரையை என் கண்ணாலதான் பார்த்தேன், வேற எவன் கண்ணாலயும் இல்ல."

"நான் உங்களைக் குத்தம் சொல்லலை அண்ணா..."

"வேற யாரைச் சொல்றீங்க? இங்க படம் போட்டவன் நான் ஒருத்தன்தானே கீறேன்!"

மணி நாலேகால். ரேணுகாம்பாளின் போன் அடித்தது. சங்கத் தலைவர். "ஷீட்காரனுக்குக் கன்பர்ம் பண்ணிடவா டீச்சர்?" என்பது தள்ளி நின்றவர்களுக்கும் கேட்டது. "அஞ்சு மணிக்குக் கூப்பிடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் அவர். மேற்கே மேகம் கறுத்திருந்தது. லாசரஸ் எழுந்து லாரியின் பின்கதவைத் தட்டித் திறந்தார்.

மேலேயிருந்து சிட்டிபாபு, "கம்ப்யூட்டர் தாள் வேணாம். பாயோட படத்தைக் குடு. அதைப் பார்த்தாதான் எனக்குப் புரியும்" என்றார். சபீஹா பையிலிருந்து லேமினேஷன் போட்ட படத்தை எடுத்துக் கயிற்றில் கட்டி அனுப்பினார். சிட்டிபாபு முகட்டில் குந்தி, அதைத் தொடைமேல் வைத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். காற்று அடிக்க, விழுந்துவிடப் போகிறது என்று இரண்டு கையாலும் வெளியே நீட்டிப் பிடித்தார். அந்த நேரம் மேக இடுக்கில் வெயில் வந்தது. மெல்லிய விடைத்தாள். வெயில் ஊடுருவ, கீழே நின்ற முஸ்தபாவுக்குத் தாளின் பின்பக்கம் வழியாகவே கோடுகள் தெரிந்தன.

அவர் கோடுகளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மறுபடி கோடுகளைப் பார்த்தார்.

"டேய்! அசையாதே! 'ரோடு'ன்னு எழுதின பக்கம் வாசலுக்கு வர மாதிரி... ஹான், அப்படியே புடி! கீழே போட்டே, கொன்னுடுவேன்!"

"இன்னா பாய், பேஜார் பண்றே, கை வலிக்குது!"

"வலிக்கட்டும்!"

முஸ்தபா புதுச் சிமெண்ட் தரையில் பொத்தென்று மல்லாந்து படுத்தார். சபீஹா நெஞ்சில் கை வைத்து எழுந்துவிட்டார். "ஏங்க! என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. அன்னிக்கு இப்படித்தான் படுத்தேன். தலை ரோட்டுப் பக்கம், சோத்துக் கைப் பக்கம் நீளச் சுவரு. சார், இங்க வந்து படுங்க!"

"அண்ணா?"

"படுங்க சார், சட்டை போனா போகட்டும்!"

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு குணா அவர் பக்கத்தில் படுத்தார். தலையைச் சாய்த்து, தன் அச்சுத் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். எழுத்து நேராகத் தெரிந்தது. நீளச் சுவர் அவர் வலது கைப் பக்கம். தாளில் இருபத்துநாலு இடது கைப் பக்கம். மாற்றிப் போட்ட பிறகு கூரையிலும் அது இடது கைப் பக்கம்தான். அவர் காலையிலிருந்து அதே தாளை மேஜையில் விரித்து, மேலேயிருந்து பார்த்துத்தான் ஆணையிட்டுக்கொண்டிருந்தார். மேலேயிருந்து பார்க்கும்போது இடது, படுத்துப் பார்க்கிறவனுக்கு வலது.

"ஐயோ! மிர்ரர்! அண்ணா, மொத்தமும் மிர்ரர்!" குணா படுத்தபடியே கத்தினார். "நீங்க கீழேர்ந்து பார்த்து வரைஞ்சிருக்கீங்க. நாங்க எப்பவும் பிளான்னா மேலேர்ந்து பார்க்கிற மாதிரிதான் படிப்போம். ரெண்டு கட்டை மட்டும் இல்ல, இந்தப் பக்கம் போட்டதெல்லாம் அந்தப் பக்கம் போகணும்!"

"கூரையை எவன் சார் மேலேர்ந்து பார்ப்பான்? காக்காதான் பார்க்கும்!"

ரேணுகாம்பாள் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. மேலே சிட்டிபாபு, "அப்ப நான் இன்னும் இதைப் புடிச்சிக்கினே இருக்கணுமா?" என்று கேட்டார்.

அதன் பிறகு நடந்ததைச் செம்பாக்கத்தில் இன்னும் பேசுகிறார்கள். முன்பக்கம் போட்ட மூலைக் கைமரங்களும் இறங்கி இடம் மாறின. இடப்பக்கம் அடுக்கியிருந்த சின்னக் கைமரங்கள் எல்லாம் வலப்பக்கத்துக்கு ஓடின, வலப்பக்கம் இருந்தவை இடப்பக்கத்துக்கு. தூக்க ஆள் போதவில்லை. மாலை நடைக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தோள் கொடுத்தார்கள். லாசரஸ் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். ஐந்து மணிக்குச் சங்கத் தலைவர் கூப்பிட்டபோது ரேணுகாம்பாள் போனை எடுத்து, பதில் சொல்லாமல் கூரையை நோக்கி நீட்டிப் பிடித்து, அங்கே நடக்கிற சத்தத்தை அவருக்குக் கேட்க வைத்தார்.

இருபத்திரண்டாம் எண்ணின் நாக்கு துளைக்குள் நுழைந்தது. சிட்டிபாபு மரச் சுத்தியால் ஒரு தட்டு தட்டினார். 'டக்.' அடுத்தது, 'டக்.' அடுத்தது, 'டக்.' அதற்கப்புறம் ஒவ்வொரு டக்குக்கும் கீழே கைதட்டல் எழுந்தது. ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசி மரமும் உள்ளே போய் முளையும் இறங்கியது.

கிரேன்காரர் முகட்டைத் தாங்கியிருந்த சங்கிலியைத் தளர்த்த வேண்டும். "எல்லாரும் வெளியே போங்க" என்றார் முஸ்தபா. எல்லோரும் போனார்கள். அவர் மட்டும் போகவில்லை. கூரைக்கு நடுவில், நேர் கீழே நின்றார்.

"அண்ணா, வெளியே வாங்க" என்றார் குணா.

"நான் கழட்டினது, நான் போட்டது. விழுந்தா என் மேல விழட்டும். ஏய் கிரேன், விடு!"

சங்கிலி தொய்ந்தது. முப்பத்திரண்டு மரமும் ஒரே நேரத்தில் ஒரு முனகல் முனகின. முகடு அரை அங்குலம் இறங்கி, தன் இடத்தைக் கண்டுபிடித்து, நின்றது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். சங்கிலியைக் கழற்றி வெளியே எடுத்தார்கள். கூரை அப்படியே நின்றது.

முஸ்தபா வெளியே வந்தார். அவரைக் கட்டிப்பிடிக்க நாலு பேர் ஓடினார்கள். அவர் நேரே சபீஹாவிடம் போய், "பார்த்தியா?" என்றார். ஒரே வார்த்தை. சபீஹா முந்தானையால் அவர் முதுகில் ஒட்டியிருந்த சிமெண்டைத் தட்டிவிட்டார்.

அப்போதுதான் காற்று வேகம் பிடித்தது. ஓடு போட இன்னும் இரண்டு நாள் ஆகும். அதுவரை மரத்தை என்ன செய்து மூடுவது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. குணா போனை எடுத்து யார் யாரையோ கூப்பிட்டார். லாசரஸ் அவர் தோளைத் தொட்டார்.

"சார், லாரியில பெரிய தார்ப்பாய் கீது. இந்த மரத்தை மூடத்தானே எட்தாந்தேன். இங்கயே மூடிக்கோங்க. நாளான்னிக்கு வந்து வாங்கிக்கிறேன்."

சிட்டிபாபு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார், லாசரஸ் மறுமுனையைப் பிடித்தார். முஸ்தபா கீழேயிருந்து, "சோத்துக் கைப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழு! என் சோத்துக் கைப் பக்கம்டா, உன்னுது இல்ல!" என்று கத்தினார். தார்ப்பாய் இறுகியது. பின்கதவு திறந்தபடி, காலியாக, லாரி மாடம்பாக்கம் ரோட்டில் தடதடத்துக்கொண்டு போனது.